ஆணையர் வீட்டு வாளி

வீட்டிலேயே பிரித்த குப்பையை வாங்கும் திட்டத்துக்கு நகராட்சிக் கூட்டத்தில் செலவு மதிப்பிட்டார்கள். 'கையுறை' என்ற வரியை ஆணையர் அடித்தார்.

"ஜனங்களே பிரிச்சுக் குடுக்கறாங்க. கையுறை எதுக்கு?"

"நிஜந்தாங்கய்யா" என்றாள் ஓரமாக நின்ற தூய்மைப் பணியாளர் செங்கமலம். வெளியே போய் ஒரு வாளியைத் தூக்கிவந்து அவர் மேசைமேல் வைத்தாள். "உங்க வீட்டு வாளிங்க. பிரிச்சதுதானே, கையை விட்டுப் பாருங்க."

ஆணையர் நாற்காலியோடு பின்வாங்கினார்.

"ஏய், எடு! எங்கம்மாவோட இன்சுலின் ஊசியெல்லாம் கெடக்கும்!"

செங்கமலம் சீழ்பிடித்து வீங்கிய விரலை நீட்டினாள்.

"கெடந்துச்சுங்கய்யா."

அடித்த வரியை ஆணையரே திரும்ப எழுதினார்.

மறுவாரம் எல்லாருக்கும் கையுறை வந்தது. வேலைப் பட்டியலில் செங்கமலத்தின் பெயர் மட்டும் இல்லை.