சாயங்காலச் சிவப்பு

மலைப்பாதையின் கடைசிக் கொண்டை ஊசி வளைவைத் தாண்டினால் பஸ் நின்று திரும்புகிற இடம் வரும். அதை ஒட்டித்தான் மங்கையர்க்கரசி அம்மையாரின் குடில். அம்மையார் ஒரு காலத்தில் பட்டணத்தில் தோல் டாக்டராக இருந்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையேறினார், வைத்தியத்தை மட்டும் விட முடியவில்லை. காலையில் நோயாளிகளுக்கு மருந்து தருவார், மாலையில் சீடர்களோடு தியானத்தில் உட்காருவார்.

அந்தச் சீடர்களில் பொன்னம்பலம் அம்மையாரைவிட வயதில் மூத்தவர். விபூதி பூசுவதிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அம்மையார் நெற்றியில் மெல்லிசாக ஒரே ஒரு கீற்று இருக்கும். பொன்னம்பலத்துக்கோ நெற்றி, கன்னம், மூக்கு, தாடை எல்லாம் வெள்ளை. வருகிற ஜனங்கள் அம்மையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுவார்கள். என்ன பக்தி, என்ன பக்தி என்று உருகுவார்கள். பக்தியாவது ஒன்றாவது. மனிதர் முகத்தை மறைத்துக்கொண்டு திரிந்தார், பாவம்.

ஒருநாள் அம்மையார் ஈரத்துணியை நீட்டினார்.

“துடைங்க ஐயா.”

“இருக்கட்டும்மா.”

“துடைங்க.”

துடைத்தார். சாம்பலுக்கு அடியில் கன்னமும் மூக்கும் செக்கச்செவேலென்று இருந்தன. அதன்மேல் பொடிப்பொடியாகக் கொப்புளம்.

“எரியுதா?”

“காந்தும்மா. பாக்கிறவங்க குடிகார மூஞ்சின்னு சொல்லுவாங்க. நான் சாராயக் கடை இருக்கிற தெருப் பக்கமே போனதில்லை.”

“குடிக்காதவங்களுக்கும் வரும். இதுக்கு ரோசேசியான்னு பேரு. இவ்வளவு நாளா என்ன போட்டீங்க?”

பொன்னம்பலம் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்ன டியூபை எடுத்தார். மருந்துக் கடைக்காரரே பார்த்துக் கொடுத்தது.

“இதைத் தடவினா ரெண்டொரு நாள்ல பளிச்சுன்னு ஆயிடும். நிறுத்தினா முன்னைவிட மோசமா வந்துடுதும்மா. அதான் விடமுடியலை.”

அம்மையார் அதை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

“இது ஸ்டீராய்டு களிம்பு. நோயை விட்டுட்டு உங்களைப் பிடிச்சு வெச்சிருக்கு. கொஞ்ச நாளைக்கு அதிகமாவே சிவக்கும். பயந்துடாதீங்க. சாம்பலைப் போட்டுத் தேய்க்கிறதையும் விடுங்க. நெத்தியில ஒரு கீத்து போதும். சாமி கோவிச்சுக்கமாட்டார்.”

பிறகு கேட்டார்: “இங்க எதுக்கு வந்தீங்க? சாமிக்கா, முகத்துக்கா?”

பொய் சொல்லப் பொன்னம்பலத்துக்கு வாய் வரவில்லை.

“என் பொண்ணு செண்பகவல்லிக்காகம்மா.”

மலையடிவாரத்தில் அவருக்குப் பலகாரக் கடை. மனைவி காலமான பிறகு அப்பாவும் மகளுமாகத்தான் நடத்தினார்கள். மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, காரச்சேவு போட்டுக்கொண்டிருந்தவர் எண்ணெய்ச் சட்டியை விட்டு அப்படியே எழுந்து வீட்டுக்கு ஓடினார். அடுப்புச் சூடு போதாதென்று ஒரு சூடான காபி, அதற்குமேல் மனசுக்குள் பதற்றம். முகம் மிளகாய்ப் பழம்போல ஆகிவிட்டது. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பன் குடிக்கிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று மறுநாளே சேதி வந்தது.

அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது செண்பகவல்லி சொன்னாள்: “இனிமே யாராச்சும் பாக்க வந்தா, நீங்க கடையிலயே இருந்துடுங்கப்பா.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ரசமும் ஊற்றினாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முகம் சரியானதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மலையேறிவிட்டார். வந்த இடத்தில் முகத்தைக் காட்டக் கூச்சப்பட்டுச் சாம்பலைப் பூசிக்கொண்டார்.

அம்மையார் தடவ ஒரு களிம்பு கொடுத்தார். சமையல்கட்டு அடுப்படிக்குப் போகவேண்டாம், உச்சிவெயிலில் நடக்கவேண்டாம், டீயை ஆறவைத்துக் குடிக்கவேண்டும், சோப்பு போட்டுத் தேய்க்காமல் முகம் கழுவவேண்டும் என்றார்.

முதலில் அம்மையார் சொன்னதுபோலவே முகம் கடுமையாகச் சிவந்தது. பொன்னம்பலம் அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கத் தொடங்கியது. கொப்புளங்கள் வற்றின. இப்போது ஜனங்கள் அவரிடமே வந்து, “இங்க ஒரு பெரிய சாமி இருந்தாரே, எங்கே போயிட்டாரு?” என்று கேட்டார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் சாயங்காலம் மட்டும் முகம் சிவந்தது.

சாயங்காலம் பஸ் ஏறி வரும் நேரத்துக்கு அவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். அங்கே பெருக்க ஒரு சருகுகூட இருக்காது. இறங்குகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்ப்பார். செண்பகவல்லி வருவதாகச் சொன்னதில்லை. கடையை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவள் எப்படி வருவாள்? அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் நெஞ்சு கிடந்து ஏங்கியது. பொட்டலம் கட்டி நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள் அவள். வேண்டாம்மா, பல்லு தேஞ்சுடும் என்றால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டும்போல இருந்தது.

போன் பண்ணும்போதெல்லாம், “எப்பப்பா வர்றீங்க?” என்பாள்.

“இன்னும் கொஞ்சம் சிவப்பு இருக்கும்மா,” என்பார் இவர்.

“கடையில ஆள் நிக்குதுப்பா,” என்று அவள் போனை வைத்துவிடுவாள்.

ஒரு சாயங்காலம் அம்மையாரும் வாசலுக்கு வந்து நின்றார். பொன்னம்பலம் கேட்டார்:

“இது எப்பம்மா முழுசாப் போகும்?”

“போகாது ஐயா.”

விளக்குமாறு அவர் கையில் அப்படியே நின்றது.

“அடங்கும். திரும்ப வரும். மறுபடி அடங்கும். கவனமா இருந்தா அதுபாட்டுக்கு அது இருக்கும், நீங்கபாட்டுக்கு நீங்க இருக்கலாம்.”

“முழுசாப் போனதும் வர்றேன்னு சொல்லிட்டு வந்தேனேம்மா. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவ முன்னாடி போய் நிப்பேன்?”

கீழே வளைவில் ஹாரன் கேட்டது. பஸ் கண்ணில் படவில்லை, அதற்குள் அவர் கன்னம் சிவந்துவிட்டது. அம்மையார் அதைப் பார்த்தார்.

“இப்ப வெயில் இல்லை. அடுப்பு இல்லை. டீயும் குடிக்கலை.”

பொன்னம்பலம் தலையைக் குனிந்துகொண்டார்.

பஸ் வந்து நின்றது. கூடையோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள், பிறகு ஒரு வயசானவர். அவ்வளவுதான். டிரைவர் வண்டியைத் திருப்பினார். கண்டக்டர் படியில் தொங்கியபடி அடிவாரத்து ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவினார்.

“இந்தச் சாயங்காலச் சிவப்புக்கு மட்டும் ஒரு மருந்து சொல்லுங்கம்மா. வேற ஒண்ணும் கேக்கலை.”

அம்மையார் அவர் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிக்கொண்டார்.

“தினமும் ஏறி வர்ற பஸ்ஸையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க ஐயா. அது இறங்கியும் போகுது.”