மாதாவுக்குக் கீழே உள்ள இடம்

சந்தியாகு அச்சுக் கோக்க வந்து, எங்கள் மறைமாவட்ட வார இதழுக்கு ஆசிரியரானவர். அவர் எழுதும் திருச்சபைச் செய்தி விளக்கத்தைப் பங்குச்சாமியாரே தேடி வாசிப்பார். ஆனாலும் ஐஸ் கம்பெனி முதலாளி கஸ்பார் பர்னாந்துக்கு அவர் வெறும் அச்சுக்காரர்தான்.

மாதா திருவிழா இதழ் அச்சேறும் நாளில் கஸ்பார் வந்து நின்றார்.

"ஓய், புதுக் கொடிமரம் நான் கொடுத்தது. முதல் பக்கம் முழுக்க என் படம் வரணும். மாதாவை உள்ளே தள்ளும். இல்லேன்னா ஆயர்கிட்டே ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாளைக்கு உமக்கு இங்கே வேலை இருக்காது."

"போட்டுடலாம் முதலாளி" என்ற சந்தியாகு, மதியக் குழம்புக்கு வாங்கியிருந்த சாளைமீன் பொட்டலத்தைப் பிரித்தார். பொட்டலத் தாள் போன மாத இதழ். அதிலிருந்த படத்தில் கஸ்பார் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். கன்னத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"மாதா படம் இருக்கிற தாள்ல நம்ம ஊர்ல யாரும் மீன் மடிக்க மாட்டாங்க, சுவத்துல ஒட்டிருவாங்க. மத்தத் தாளெல்லாம் சந்தைக்குத்தான் போகுது."

கஸ்பார் குரல் இறங்கியது. "அப்போ மாதாவுக்குக் கீழேயாவது என்னைப் போடும்."

"அங்கே ஆள் இருக்கு முதலாளி."

சந்தியாகு அச்சுப்படியை நீட்டினார். புயலில் கரை திரும்பாத ஏழு பேரின் பெயர்கள் அதில் மாதா படத்துக்குக் கீழே இருந்தன.

"உடல் கிடைக்கல, கல்லறையும் இல்ல. இவங்க வீட்டுக்கு இந்தத் தாள்தான்."

கஸ்பார் ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஐந்தாவது பெயரில் விரல் நின்றது.

"மிக்கேல்... பத்து வருஷம் என் படகுல தொழிலுக்கு வந்தவன்."

கொண்டுவந்த படத்தைத் தன் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடும், ஓய். அவன் அம்மைக்குப் பார்வை மங்கல்."