ராசாக்குட்டி வீட்டுச் சம்பந்தம்

செங்காளியப்பன் வாயைத் திறந்தால் புளுகு, மூடினால் கொட்டாவி. இப்படி ஒரு மருமகனை வீட்டோடு வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று ராக்கியண்ணன் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். அணையை ஒட்டிய முதலைப் பண்ணையில் இருவருக்கும் வேலை, குடியிருப்பும் அதற்குள்ளேயே. இளைய மகள் பூங்கொடிக்கு வந்த வரன்கள் எல்லாம் செங்காளி பேச ஆரம்பித்ததுமே செருப்பைத் தேடிப் போய்விட்டன.

“மாப்ள, இன்னிக்கு ஒரு நாள் வாயக் கட்டுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று கும்பிட்டே கேட்டுவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளைப் பையனின் தாய்மாமன் வெள்ளியங்கிரி வைத்ததுதான் அவர்களுக்குச் சட்டம். சிரிக்கவே காசு கேட்கிற முகம். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக்கூடாது என்பது வழக்கம் என்பதால் கேசரி, போண்டா எல்லாம் தட்டிலேயே ஆறிக்கொண்டிருந்தன. வெள்ளியங்கிரி சன்னல் வழியே பார்த்தார்.

“தனியா ஒரு முதல கெடக்குதே, அதென்னங்க?”

ராக்கியண்ணன் முந்திக்கொண்டார். “கண்ணியில மாட்டி மேல்தாடை பாதி போயிருச்சுங்க. எரை புடிக்க முடியாது, அணையில விட்டாச் செத்துரும். ஆயுசுக்கும் இங்கதானுங்க, நாமதான் ஊட்டோணும்.”

அவ்வளவும் உண்மை. அதனாலேயே செங்காளிக்குப் பொறுக்கவில்லை.

“பேரு ராசாக்குட்டிங்க. மாமன் பாதிதான் சொல்றாரு. வெள்ளிக்கெழமை அவன் கறி தொட மாட்டான். மோர் மட்டும், அதுவும் பெருங்காயம் போட்டாத்தான்.”

“முதல மோர் குடிக்குதுங்களா?”

“டம்ளர்ல குடுத்தாக் கோவிச்சுக்குவானுங்க, சொம்புதான். நான் ஒருக்கா லீவு போட்டுட்டேன். அழுதான் பாருங்க, தொட்டி நெறஞ்சு வாய்க்கால்ல போயி, கீழ்ப்பக்கம் கடலைக்காட்டுக்கே அதுதான் தண்ணி!”

“நீலிக்கண்ணீரா, நெசக் கண்ணீரா?” என்றார் வெள்ளியங்கிரி, முகம் மாறாமல்.

“நெசந்தானுங்க, உப்புக் கரிச்சுது. அந்த வருசம் கடலைய வறுத்தா உப்பே போட வேண்டியதில்ல!”

ராக்கியண்ணன் கண்ணால் கெஞ்சினார். செங்காளி அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

“போன மழைக்கு அணை ஷட்டர் தூக்க வரலைங்க. ஆபீசருங்க கையப் பெசைஞ்சுட்டு நிக்கறாங்க. ராசாக்குட்டி சுவரேறிக் குதிச்சுப் போயி, வாலால ஒரே தட்டு! ஷட்டர் மேல போயி நின்னுக்கிச்சு. அப்பவே கவர்மெண்டு வேலை தர்றேன்னாங்க. ‘செங்காளி தனியாளாயிருவான்’னு இவன் வேண்டாமுன்னுட்டான்.”

“வாயில்லாத முதல சொல்லுச்சாக்கும்?”

“பாதி வாய் இருக்குதுங்களே!”

பூங்கொடி உள்ளே தலையில் அடித்துக்கொண்டது வெளியே கேட்டது. வெள்ளியங்கிரி நகர்ந்து உட்கார்ந்தார். “சரிங்க. உங்க கொழுந்தியா எப்படி? சமையல் கிமையல்?”

ராக்கியண்ணன் மருமகனின் வாயையே பார்த்தார். ஆகாசத்தில் சமைக்கிறாள் என்பானா, அமிர்தம் வடிக்கிறாள் என்பானா?

செங்காளி சன்னல் பக்கமிருந்து திரும்பினான். “சமையல் சுமாருங்க. கொழம்புல உப்புக் கூடும். கோவம் வந்தா நாலு நாளைக்குப் பேசாது. ஆனா எனக்கு டைபாய்டு வந்தப்ப, பொண்டாட்டி பேறுகாலத்துக்கு ஆஸ்பத்திரியில கெடந்தா. கஞ்சி ஊத்தி என்னையப் பொழைக்க வெச்சது இந்தப் புள்ளைதானுங்க.”

வெள்ளியங்கிரி எழுந்தார். ராக்கியண்ணன் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார். இதுவும் போச்சு.

“கை கழுவத் தண்ணி எங்கீங்க?”

யாருக்கும் முதலில் விளங்கவில்லை.

“பொண்ணப் பத்திப் புளுகற ஊடு எத்தனையோ பாத்துட்டேன். இங்க முதலையப் பத்தி மட்டுந்தான் புளுகறாங்க. தாராளமாப் பொண்ணெடுக்கலாம்” என்றவர், கேசரித் தட்டைக் கையில் வாங்கியதும் ராக்கியண்ணன் காதோரம் குனிந்தார்.

“ஒன்னே ஒன்னு. கல்யாணத்துக்கு ராசாக்குட்டியக் கூட்டிட்டு வாங்க. மருமகனத் தொட்டியில உட்டுட்டு வாங்க.”