மூலையில் இருந்த ‘ஆனால்’

ஆற்காட்டுப் பக்கம் ஒரு பழைய வீட்டில், மர அலமாரி ஒன்றுக்குள், கையால் எழுதிய பாரசீகக் காவியம் ஒன்று குடியிருந்தது.

அதன் பக்கங்களுக்கு எண் கிடையாது. அந்தக் காலத்து எழுத்தர்கள் எண்ணை நம்பவில்லை, சொல்லை நம்பினார்கள். அடுத்த பக்கம் எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ, அந்தச் சொல்லை இந்தப் பக்கத்தின் அடியில், இடது மூலையில், சாய்வாக எழுதிவைப்பார்கள். தைப்பவர் அதைப் பார்த்துத் தாள்களை அடுக்குவார். காவியத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. படிப்பவர்கள் அதை வாய்விட்டுப் படிப்பதும் இல்லை.

ஒரு பக்கத்தின் மூலையில் அப்படி உட்கார்ந்திருந்தது ‘ஆனால்’.

அதற்கு மேலே, நாற்புறமும் வரைந்த தங்கக் கோட்டுக்குள், ஓர் அரசனைப் புகழும் ஈரடிகள் வரிசையாக நின்றன. நல்ல கையெழுத்து. அந்தத் திமிர் அவற்றுக்கு இருந்தது.

“ஏய், மூலை! எங்கள் அரசர் காலத்தில் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒரே துறையில் தண்ணீர் குடித்தன, தெரியுமா?” என்று கேட்டது ஓர் ஈரடி.

“தெரியும். அடுத்த தாளில் அந்தத் துறையில் தண்ணீரே இல்லை” என்றது ‘ஆனால்’.

“கோட்டுக்கு வெளியே இருப்பவனுக்குப் பேச்சைப் பார்!”

“வெளியே இருப்பதால்தான் அடுத்த தாள் எனக்குத் தெரிகிறது.”

அது சொன்னது உண்மைதான். அடுத்த தாளில், அரசன் கால்வாயைத் தன் அரண்மனைக் குளத்துக்குத் திருப்பிக்கொண்டான். தோட்டக்காரர்கள் வாடிய முலாம்பழக் கொடிகளோடு வந்து முறையிட்டார்கள். அரசன் அவர்களைப் பார்க்கவில்லை, தன் கையிலிருந்த வல்லூறைப் பார்த்தான். இதை ஓர் ஓவியரும் அதே தாளில் வரைந்திருந்தார். அதற்கும் அடுத்த தாள், ‘ஆகவே குடிகள் பகைவனுக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார்கள்’ என்று தொடங்கும்.

வீட்டுக்காரர் மீர் முனவ்வருக்குப் பாரசீகம் வராது. ஆனால் வல்லூறு பிடித்திருந்தது. அந்தத் தாளைக் கத்தியால் அறுத்தெடுத்து, கண்ணாடி போட்டு, கூடத்தில் மாட்டிவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் வல்லூறின் கண்ணைப் புகழ்ந்தார்கள். ஓரமாக நின்ற தோட்டக்காரர்களை அழகான ஓரச் சித்திரம் என்றார்கள்.

பிறகு ஒரு பல்கலைக்கழக நூலகம், புத்தகம் முழுமையாக இருந்தால் மீர் குடும்பத்தின் பெயரோடு கண்ணாடிப் பேழையில் வைப்பதாகச் சொன்னது. பார்வையிடப் பேராசிரியர் தஸ்தகீர் வருவதாக இருந்தது. மீர், புத்தகம் தைக்கும் லத்தீப் பாயை அழைத்தார்.

“நடுவுல ஒரு தாள் காணோமே, சாயபு?”

“காணாம எங்க போச்சு? கூடத்துல தொங்குது.”

“அட! பேராசிரியர் இந்த மூலையைப் பார்த்தா விடமாட்டாரே. இது ‘ஆனால்’ங்குது, அடுத்தது ‘ஆகவே’ன்னு ஆரம்பிக்குது. படத்தை எறக்கித் திரும்பத் தெச்சுடட்டுமா?”

“கண்ணாடி போட்டாச்சு, ஆணி அடிச்சாச்சு, சம்பந்தி வீட்டுக்காரங்க வரைக்கும் பார்த்தாச்சு. சுவத்தைக் காலி பண்றது லேசா, ஒரு சொல்லை மாத்துறது லேசா? நீங்களே சொல்லுங்க, பாய்.”

லத்தீப் பாய் யோசிக்கவில்லை. “சொல்லுதான் லேசு” என்றார்.

உண்மையிலேயே லேசு. கஞ்சி பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய தாள் அது. விளக்குக்கரி மை அதற்குள் இறங்காது, மேலேயே உட்கார்ந்திருக்கும். ஈரத்துணி போதும். புகழ்ச்சியும் அதே மையில்தான் எழுதியிருந்தது. அதைத் துடைக்க யாருக்கும் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

துணியைக் கண்டதும் ‘ஆனால்’ பதறியது. “ஈரடிகளே, கொஞ்சம் குரல் கொடுங்கள்! நான் போனால் அந்தத் தோட்டக்காரர்கள் வந்ததற்கே அடையாளம் இல்லாமல் போய்விடும்.”

“போனால் என்ன? எங்களுக்குள் இயைபு கெடாதே” என்றன ஈரடிகள்.

அதுவும் சரிதான். அவ்வகைக் காவியத்தில் ஒவ்வோர் ஈரடியும் தனக்குள்ளேயே இயைபை முடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு தாளை உருவினாலும் ஓசை காட்டிக்கொடுக்காது.

துணி ஒருமுறை போய்வந்தது. ஈரம் காய்ந்ததும் அந்த இடத்தில் ‘ஆகவே’ என்று எழுதினார் லத்தீப் பாய். எழுத்து அச்சாகப் பழையது போலவே இருந்தது.

பேராசிரியர் வந்தார். வெளிச்சத்துக்காகச் சுவரிலிருந்த படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மூலைச் சொற்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எல்லாம் பொருந்தின. அப்புறம்தான் படித்தார். அரசன் நீதிமான், ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒரே துறையில் குடித்தன, ஆகவே குடிகள் பகைவனுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அவர் திரும்பப் படித்தார். முகம் மலர்ந்தது.

“அபாரம்! நீதி அளவுக்கு மீறினால் குடிகள் கெட்டுப்போவார்கள் என்கிறார் கவிஞர். இந்தக் கருத்தை இதுவரை யாரும் கவனிக்கவில்லை.”

“நானும் அதைத்தாங்க ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருக்கேன்” என்றார் மீர்.

ஈரடிகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அரசன் விழுந்ததற்கு இப்போது அவைதான் காரணம் ஆகியிருந்தன.

“நடுவில் என்னவோ நடந்திருக்கிறது. நீயாவது சொல்லேன்!” என்று மூலையைக் கேட்டன.

“எனக்கு முந்திய கதை தெரியாது. நான் நேற்று வந்தவன்” என்றது ‘ஆகவே’.

பேராசிரியர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு குனிந்தார். இதுதான் சமயம் என்று ஈரடிகள் எல்லாம் ஒரே குரலாகக் கத்தின. துறையில் தண்ணீர் இல்லாததைச் சொல்லப் பார்த்தன, தோட்டக்காரர்களைச் சொல்லப் பார்த்தன. அதற்கான சொற்கள் அவற்றிடம் இல்லை. ‘அரசர் நீதிமான், அரசர் நீதிமான்’ என்றுதான் வந்தது.

“ஆமாம், ஆமாம்” என்று தலையாட்டிக்கொண்டே பேராசிரியர் பக்கத்தைப் புரட்டினார்.