முளைக்காத தர்பூசணி

பொன்மேட்டு ராஜா மகுடபூபதிக்கு யானை உண்டு, குதிரை உண்டு, மூன்று மலைகளுக்கு அந்தப் பக்கம் வரை பேரும் உண்டு. பொறுமை என்ற ஒன்று மட்டும் மருந்துக்கும் கிடையாது. அவர் போய்ப் பக்கத்து நாட்டு விருந்தில் தர்பூசணி தின்றாரே, அங்கேதான் வந்தது வினை!

"இது எங்கள் அரண்மனைக் கொல்லையில் நானே விதை போட்டு வளர்த்தது" என்று பக்கத்து ராஜா மீசையை முறுக்கினார். மகுடபூபதி சும்மா இருப்பாரா? ஒரு கை விதையை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கொல்லையில் குழி வெட்டச் சொன்னார். சாண எரு போடச் சொன்னார். விதையை மட்டும் தன் கையாலேயே ஊன்றினார். அடுத்த முறை பக்கத்து ராஜா வரும்போது இலையில் நம் பழம் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

நாள் போயிற்று. ஒரு குழியில்கூடப் பச்சையைக் காணோம்.

"எல்லாம் இந்தத் தோட்டக்காரன் மாடக்கண்ணுவின் வேலை மகாராஜா" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தார் தளவாய் தீத்தாரப்பன். மைத்துனனுக்கு ஒரு வேலை தேடிக்கொண்டிருந்தார் அவர். "விதையைத் தோண்டி எடுத்து வறுத்துத் தின்றிருப்பான்!"

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அவனைச் சிறையில் போடு! நாளை மாலைக்குள் வேறு குற்றவாளி அகப்படவில்லை என்றால் இவனுக்குக் கசையடி கொடுத்து நாட்டை விட்டே துரத்து!"

சபையில் விகடகவி ஆவுடையப்பனும் இருந்தார். ராஜாவைச் சிரிக்க வைத்துச் சோறு தின்கிறவர்தான் அவர். ஆனால் இது சிரிக்கிற விஷயமா? மாடக்கண்ணுவின் பெண்டாட்டி நிறைமாதக்காரி. அவளை இழுத்துக்கொண்டு அவன் எந்த நாட்டுக்குப் போவான்? நேரே சிறைக்குப் போனார்.

"உண்மையைச் சொல் மாடக்கண்ணு. விதை ஏன் முளைக்கவில்லை?"

"சாமி, சொன்னால் என் நாக்கை அறுத்துவிடுவார்கள்."

"சொல்லாவிட்டால் முதுகுத் தோலை உரித்துவிடுவார்கள். எது தேவலை?"

மாடக்கண்ணு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "தினமும் காலையில் மகாராஜா வருவார். முளைத்ததா என்று விரலால் தோண்டி விதையை எடுத்துப் பார்ப்பார். புரட்டிப் பார்ப்பார். திரும்பப் புதைப்பார். சாயங்காலமும் அதே கதைதான். ஒருநாள் ஒரு விதையில் நிஜமாகவே முளை எட்டிப் பார்த்தது சாமி! 'ஆகா!' என்று அதைப் பிடுங்கி, மகாராணிக்குக் காட்ட எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். திரும்பி வந்து நட்டார். அது வாடிப்போயிற்று. தண்ணீர் ஊற்றத் தெரியவில்லை என்று என்னைத்தான் திட்டினார்."

ஆவுடையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். ராஜா கையைத் தட்டிவிட யாரால் முடியும்? யோசித்தார். மறுநாள் சபையில் எழுந்து நின்றார்.

"பிரபு, குற்றவாளியை இன்றைக்கே பிடித்துத் தருகிறேன். மதியம் தாங்கள் பள்ளிகொள்ளும்போது நான் பக்கத்தில் இருக்க அனுமதி வேண்டும். அவன் அங்கேதான் வருவான்."

"என் படுக்கை அறைக்கா! அவ்வளவு துணிச்சலா அவனுக்கு?" என்றார் ராஜா. "சரி, இரும். தளவாய் வாசலில் கயிற்றோடு நிற்கட்டும்."

உண்ட மயக்கம் தொண்டனுக்கே உண்டு என்றால் ராஜாவுக்கு இல்லாமலா? அன்றைக்கு அவியலும் பாயசமும் வேறு. மகுடபூபதி தலை முதல் கால் வரை பட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். கண் மெல்லச் செருகியது.

ஆவுடையப்பன் போர்வையைத் தூக்கினார். "பிரபு, தூங்கிவிட்டீர்களா?"

"இல்லை. குற்றவாளி வந்துவிட்டானா?"

"வந்துவிட்டான் பிரபு. இன்னும் கையும் களவுமாக அகப்படவில்லை. தாங்கள் தூங்குங்கள்."

ராஜா மறுபடி மூடிக்கொண்டார். முதல் குறட்டை கிளம்புவதற்குள் கால்பக்கத்துப் போர்வை மேலே போயிற்று. "இப்போது தூங்கிவிட்டீர்களா?"

"இல்லை!"

கொஞ்சம் பொறுத்து, ஆவுடையப்பன் ராஜாவைத் தோளைப் பிடித்து அந்தப் பக்கமாக உருட்டிவிட்டு முகத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு இந்தப் பக்கமாக உருட்டினார். ராஜா பல்லைக் கடித்தார். கடைசியில் ஆவுடையப்பன் செம்பை எடுத்து அவர் தலையில் ஜிலுஜிலு என்று தண்ணீரும் தெளித்தார்!

"அடேய் மடையா!" ராஜா துள்ளி எழுந்து போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன. "ஓயாமல் போர்வையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் மனுஷனுக்கு எப்படியடா தூக்கம் வரும்?"

ஆவுடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதையேதான் பிரபு, அந்தத் தர்பூசணி விதையும் கேட்கிறது."

ராஜா மெதுவாகத் தன் விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் காலையில் தோண்டிய மண் இன்னும் போகவில்லை.

அதற்குள் கயிற்றோடு உள்ளே பாய்ந்தார் தளவாய். "அகப்பட்டானா மகாராஜா? எங்கே அந்தப் பாவி? கையைக் கட்டட்டுமா?"

ராஜா கையைச் சட்டென்று போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார். "கயிற்றை அப்படி ஓரமாகப் போடும் தளவாயே. முதலில் போய் மாடக்கண்ணுவை வீட்டுக்கு அனுப்பும். ஒரு பட்டுச் சேலையும் கொடுத்தனுப்பும், அவன் பெண்டாட்டிக்கு."

"அப்படியானால் குற்றவாளி? அவனுக்குத் தண்டனை?"

"கொடுத்தாயிற்று தளவாயே" என்றார் ஆவுடையப்பன். "இன்றைக்கு அவருக்குப் பகல் தூக்கம் கிடையாது."

மகுடபூபதியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கட்டில் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓய் ஆவுடையப்பா, பிழைத்துப் போம்! இனி கொல்லைப் பக்கம் கை வைக்க மாட்டேன். விளைகிற முதல் பழம் உமக்குத்தான்!" என்றார்.

ஆவுடையப்பன் பணிவாகக் கும்பிட்டார். "பழம் இருக்கட்டும் பிரபு. சிவந்துவிட்டதா என்று அதைத் தினமும் அறுத்துப் பார்க்க மாட்டேன் என்று முதலில் ஒரு சத்தியம் செய்யுங்கள்."