மணல் கலங்கரை விளக்கம் விழுந்த வழக்கு

அடியில் இருக்கும் கல்லை உருவினாலும் மேலே இருக்கும் கல் விழாமல் அப்படியே நிற்கும் உலகம் ஒன்று இருக்கிறது. மரத்தின் அடியை வெட்டினால் கிளையும் இலையும் அந்தரத்தில் தொங்கும். மந்திரம் ஒன்றுமில்லை, கம்ப்யூட்டரில் விளையாடுகிற கட்டை விளையாட்டுதான். மண், கல், மரம் எல்லாம் அங்கே சதுரச் சதுரக் கட்டைகள். தோண்டலாம், அடுக்கலாம், வீடு கட்டலாம். அந்த உலகத்தில் நடந்த ஒரு வழக்கைத்தான் சொல்ல வந்தேன். தீர்ப்பு உங்கள் கையில்.

தூத்துக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மிக்கேல்தான் அந்த உலகத்துக்குச் சொந்தக்காரர். கடைக் கம்ப்யூட்டரில் அவர் அதைத் திறந்து வைத்தால்தான் மற்றவர்கள் உள்ளே வர முடியும். வருகிறவர்கள் மூன்று பேர். தையல் கடை நடத்தும் அவர் மனைவி மெட்டில்டா, சார்ஜாவில் வெல்டராக இருக்கும் தம்பி ஜெரால்டு, சென்னையில் வேலை பார்க்கும் தங்கை ரோசிட்டா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு இடத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கூடிவிடுவார்கள்.

ஜெரால்டுக்குப் போனில் பேச வராது. "சாப்ட்டாச்சா?" "சாப்ட்டாச்சு." அதோடு லைன் ஊமையாகிவிடும். ஆனால் கட்டை உலகத்துக்குள் வந்துவிட்டால் பாட்டென்ன, கேலியென்ன, ஊர்க்கதையென்ன! கல்லைத் தோண்டிக்கொண்டே மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவான். அவனுக்கு வீடு என்று இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

மிக்கேல் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். அடுத்தவர் வைத்ததை உடைத்தவர் அன்றோடு வெளியே. மறுபடி உள்ளே வர முடியாது. விளையாட்டாக ஜன்னலை உடைத்த சித்தப்பா மகனை அப்படி அனுப்பியவர் அவர். சொந்தபந்தமெல்லாம் பார்க்க மாட்டார்.

ஜெரால்டு பூமிக்கடியில் ஒரு மண்டபம் கட்டினான். பெரிய மண்டபம், ஒரு தூண்கூடக் கிடையாது. "பகலெல்லாம் முட்டுக் குடுத்து முட்டுக் குடுத்தே இடுப்பு போச்சு. இங்கயாவது முட்டு இல்லாம கட்டிக்கிடுதேன்" என்பான். பார்த்த இடமெல்லாம் கல்தான். கல்லை விட்டால் வேறெதையும் அவன் கையால் தொட்டதில்லை.

மண்டபத்துக் கூரை தரையோடு தரையாகப் பரந்து கிடந்தது. மெட்டில்டாவுக்கு அதன்மேல் ஆசை வந்தது.

"கொழுந்தனாரே, ஒங்க கூரை மேல ஒரு கலங்கரை விளக்கம் கட்டிக்கிடட்டுமா?"

"இதைக் கேக்கணுமா மைனி? யானையைக் கொண்டாந்து நிறுத்துனாலும் அசையாது. கட்டுங்க."

மெட்டில்டா கடற்கரை மணலை அள்ளி வந்து கட்ட ஆரம்பித்தார். அந்த உலகத்தில் மஞ்சள் கல்லும் உண்டு. தூரத்தில் நின்று பார்த்தால் கல்லா மணலா என்று சொல்ல முடியாது. உச்சியில் மாடத்தை வெளியே நீட்டியபோது மட்டும் மணல் நிற்காமல் பொலபொலவென்று கொட்டியது. "சனியன்" என்று திட்டிவிட்டு, அடியில் பலகை கொடுத்து முடித்தார். அன்றைக்கு மற்றவர்கள் யாரும் வந்திருக்கவில்லை.

இதற்கிடையில் ரோசிட்டா மண்டபத்துக்குள்ளே கோதுமை போட்டிருந்தாள். வெளியே போட்டால், அந்த விளையாட்டில் ராத்திரியானால் கிளம்பும் பிசாசுகள் வந்து மிதிக்கும். உள்ளேயோ வெளிச்சம் போதாமல் பயிர் குன்றிப்போய் நின்றது.

"சின்னண்ணே, கூரையில ஒரு விளக்கு பதிச்சுக் குடேன். எம் பயிரு அழுவுது."

"பயிரு அழுவுதா, நீ அழுவுறியா?" என்று சிரித்தபடி ஜெரால்டு ஏணி வைத்து ஏறினான். விளக்குக் கட்டைக்கு இடம் வேண்டுமே. தான் வைத்த கூரையில், தான் வைத்த கல் ஒன்றை உருவினான்.

அவ்வளவுதான். மேலே நின்ற கோபுரம் முழுக்க அந்தப் பொத்தல் வழியாகச் சரிந்து உள்ளே வந்தது. மணல் விழுந்த வேகத்தில் கோதுமைப் பயிர் ஒன்றுவிடாமல் நொறுங்கிப் போயிற்று.

"எங் கோபுரத்தைக் கொன்னுட்டீங்களே!" என்று அலறினார் மெட்டில்டா. "ஏங்க, சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான? ஒங்க தம்பியை வெளிய அனுப்புங்க."

ஜெரால்டின் குரல் இறங்கிவிட்டது. "நான் உருவுனது எங் கல்லு மைனி. ஒங்க மணல்ல ஒண்ணைக்கூட நான் தொடல. முழுசா கெடக்கு, வந்து பாருங்க."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றாள் ரோசிட்டா. "உண்மையா ஒடைஞ்சது எம் பயிரு. ஒடைச்சது மைனியோட மணலு."

"அடியேய், வெளக்கு கேட்டவளே நீதானடி!" என்று அவள் மேல் பாய்ந்தார் மெட்டில்டா.

மிக்கேல் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் தம்பி, நடுவில் தங்கை. சட்டமோ அவர் போட்டது.

நீங்கள் அந்த ஜெராக்ஸ் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வீர்கள்? கல்லை உருவிய ஜெரால்டா, மணலில் கட்டிய மெட்டில்டாவா, விளக்குக் கேட்ட ரோசிட்டாவா? இவர்களில் வெளியே போக வேண்டியவர் யார்?

விடை:

சட்டப்படி பார்த்தால் மெட்டில்டாதான். உருவினால் எதுவும் விழாது என்று ஜெரால்டு நம்பியதில் பிழையில்லை. அவன் அறிந்தது கல் மட்டும்தான். ரோசிட்டா கேட்டது வெறும் விளக்கு. அந்த உலகத்திலும் மணல் உதிரும் என்பதைக் கண்ணால் கண்டவர் மெட்டில்டா ஒருவர்தான். பலகை கொடுத்த கையோடு, "அடிக்கல்லில் கை வைக்காதீங்க" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்க வேண்டும். நொறுங்கிய பயிரும் அவர் மணலால் நொறுங்கியதே. மிக்கேல் இதைச் சொல்லத் தொண்டையைச் செருமும்போதே மெட்டில்டாவுக்கு உறைத்துவிட்டது. "தெரிஞ்சும் சொல்லாம விட்டுட்டேன் கொழுந்தனாரே. நாந்தான் போவணும்" என்றார். அப்போது ரோசிட்டா குறுக்கே வந்தாள். "போயிட்டா இம்புட்டு மணலையும் யாரு அள்ளுறது? பயிரு என்னுது, பிராதும் என்னுது. நான் வாபஸ் வாங்கிட்டேன். மண்வெட்டியை எடுங்க மைனி." "பிராது இல்லைன்னா வழக்கும் இல்ல" என்றார் மிக்கேல். ஜெரால்டு முதல் ஆளாக மணலுக்குள் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் அவன் பாட்டு கேட்க ஆரம்பித்தது.