கழுகுப் பாறைச் சத்தியம்

வாக்குக் கொடுக்க என்ன, வாயா வலிக்கப் போகிறது? கொடுத்த வாக்கு திரும்பி வந்து நம் கழுத்தைப் பிடிக்கும்போதுதான் அதன் கனம் தெரியும். வனச்சரகர் தமயந்தியை அப்படி ஒரு வாக்கு பிடித்த கதை இது. காதைக் கொடுத்துக் கேளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன், யாரும் நழுவ முடியாது.

மலையோரம் ஒரு சரணாலயம். அதற்குள் எதிரெதிராக இரண்டு செங்குத்துப் பாறைகள், நடுவே கிடுகிடு பள்ளம். ஒரு பாறையின் விளிம்பில் பாறுக் கழுகு ஜோடி ஒன்று கூடு கட்டியிருந்தது. செத்ததைத் தின்று காட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் பறவை அது. வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். போன வருஷம் எந்தப் புண்ணியவானோ படம் பிடிக்கிறேன் என்று அங்கே ட்ரோனைப் பறக்கவிட்டான். தாய்க் கழுகு மிரண்டு எழுந்த வேகத்தில் முட்டை உருண்டு பள்ளத்தில் விழுந்தது. கூட்டுக்குக் காவல் இருந்த ஜடையன் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவன் போல அழுதான்.

இந்த வருஷம் முட்டை இட்டதும் அவன் தமயந்தியிடம் வந்து உள்ளங்கையை நீட்டினான். “குஞ்சு பறக்கிற வரைக்கும் அந்தப் பள்ளத்துல ட்ரோன் பறக்கக் கூடாதுங்கம்மா. யாருக்காகவும் கூடாது. எனக்காகக்கூடக் கூடாது. கையில அடிச்சுச் சொல்லுங்க.”

அவளும் அடித்துச் சத்தியம் செய்தாள். எப்படியும் தடை இருக்கவே இருக்கிறது, சோதனைச் சாவடியில் பலகை வைத்ததே அவள்தான்: ‘ட்ரோன் பறக்கத் தடை. உயிர் காக்கும் அவசரத்துக்கு மட்டும் வனச்சரகர் அனுமதிக்கலாம்.’

ஒருநாள் காலையில் காவலுக்குப் போன ஜடையன் மதியமாகியும் திரும்பவில்லை. தேடிப் போனவர்களுக்குக் குரல் மட்டும் கேட்டது. “ஓ... ஓய்...” இந்தப் பாறையிலிருந்து வருகிறது என்று ஓடினால் அந்தப் பாறையிலிருந்து கேட்டது. அங்கே போனால் பள்ளத்துக்குள்ளிருந்து வந்தது. மூடுபனி வேறு. “ஆள் போயாச்சு, குரல்தான் சுத்துது,” என்று ஒருவன் முணுமுணுத்தான்.

ஜடையனின் மனைவி மாதி அதட்டினாள். “வாயைக் கழுவு! உசுரோட இருக்கிற மனுசன் கூப்பிடுறான்.”

ஆனால் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

தமயந்தியும் மாதியும் திரும்பி வந்தபோது முகாமில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கோயம்புத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஃபெலிக்ஸ். அனுமதியில்லாமல் ட்ரோன் கொண்டுவந்ததற்காக அன்று காலையில்தான் பிடிபட்டிருந்தான். ட்ரோன் அலமாரிக்குள் பூட்டியிருந்தது. “அதைக் கொடுங்க மேடம், கொஞ்ச நேரத்துல ஆளைக் கண்டுபிடிச்சிடலாம். நீங்க அனுமதிக்கலாம்னு உங்க பலகையிலயே போட்டிருக்கே!”

“முடியாது,” என்றாள் தமயந்தி. “சத்தியம் பண்ணியிருக்கேன். அவருக்கே பண்ணியிருக்கேன்.”

மாதி பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத் தாங்க முடியாமல் தமயந்தி எழுந்தாள். இடுப்பிலிருந்த அலமாரிச் சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். “வாக்கி டாக்கிக்கு சிக்னல் கிடைக்குதான்னு பார்க்கிறேன்,” என்று வெளியே போய், முகாமுக்கு முதுகைக் காட்டி நின்றாள். சற்று நேரத்தில் தலைக்குமேல் ரீங்காரம் எழும்பிப் பள்ளத்தை நோக்கிப் போனது. அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

உள்ளே ஃபெலிக்ஸின் திரையில் பனி விலகியது. கூட்டுக்குக் கீழே ஒரு பாறைத் திட்டில் கால் மடங்கிக் கிடந்தான் ஜடையன். ட்ரோனைக் கண்டதும் அவன் முகம் மாறிப்போனது. கிடந்தபடியே இரண்டு கையையும் வீசி அதைத் துரத்தினான்.

“போகச் சொல்றாரு,” என்றான் ஃபெலிக்ஸ்.

“அந்த ஆளு அப்படித்தான் சொல்லுவாரு. நீ போகாதே. எந்த இடம்னு நல்லாப் பாரு,” என்றாள் மாதி.

இடம் தெரிந்துவிட்டது. கயிறு கட்டி இறங்கி அவனை உயிரோடு தூக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே தாய்க் கழுகு மிரண்டு எழுந்திருந்தது. முட்டை அவன் கண்ணெதிரே உருண்டு விழுந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ஜடையன் கேட்டான். “யாரு பறக்க விட்டது?”

“நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நீ எனக்கு வேணும்,” என்றாள் மாதி.

“ஓட்டினது நான்,” என்று தலைகுனிந்தான் ஃபெலிக்ஸ்.

“நான் அனுமதி கொடுக்கல, ஜடையண்ணா. சொன்ன சொல்லை மீறல,” என்றாள் தமயந்தி. ஜடையன் அவளை ஒரு முறை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. மின்விசிறி சுற்றினாலும் அந்த ரீங்காரம், மிக்ஸி ஓடினாலும் அந்த ரீங்காரம். அது அடங்கினால் பின்னாலேயே “ஓ... ஓய்...” என்ற குரல். சத்தியத்தைக் காப்பாற்றியவளை எது இப்படித் துரத்துகிறது?

இப்போது சொல்லுங்கள். வாக்குக் கொடுத்துச் சாவியை வைத்துவிட்டுப் போன தமயந்தி, சாவியை எடுத்த மாதி, குற்றவாளியாக உட்கார்ந்திருந்தும் ஓட்டிய ஃபெலிக்ஸ். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மாதி செய்தது சரி. அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, செய்ததை ஒளிக்கவும் இல்லை. ஃபெலிக்ஸ் செய்ததும் சரிதான், அவனும் தன் கையை மறைக்கவில்லை. ஒரு மனிதனைச் சாகவிட்டால்தான் காப்பாற்ற முடியும் என்றால் அந்தச் சத்தியத்தை மீறலாம், தப்பில்லை. அனுமதிக்கும் அதிகாரமும் தமயந்தியிடமே இருந்தது. ஆனால் அவள் சத்தியத்தைத் தானே மீறாமல் அடுத்தவள் கையால் மீற வைத்துவிட்டு, தன் கை சுத்தம் என்றாள். அதுதான் பிசகு. ஒருநாள் அவளே ஜடையனிடம் போய், சாவியை வேண்டுமென்றேதான் வைத்தேன் என்று உடைந்து அழுதாள். அவன் சொன்னான்: “‘நீங்க சாகக் கூடாதுன்னு நான்தான் ட்ரோனைப் பறக்க வெச்சேன்’னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, முட்டைக்காக மட்டும் அழுதிருப்பேனுங்கம்மா.”